சிம் தட்டு இல்லாத போனை வாங்கலாமா?

மயிலாப்பூர் முதியவர்:
நேற்று நியூஜெர்சி நெல்லையன் எழுதியிருந்த ஒரு வரி என்னை இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. “ஊருக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே போன் வேண்டும் என்பவர்கள் அமெரிக்காவில் விற்கும் ஐபோனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், சிம் தட்டு என்பது பாட்டன் காலத்துச் சமாச்சாரம்” என்று எழுதியிருக்கிறார். தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் கண்ணைத் திறந்து பார்க்கும்போது சிம் போட இடம் இருக்காது. 2022 செப்டம்பரில் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் தட்டே கிடையாது. அதே போனை இந்தியாவில் வாங்கினால் ஒரு நானோ சிம் அட்டையும், அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் ஓர் இசிம்மும் போட்டுக்கொள்ளலாம். கொடுக்கும் காசுக்கு ஒரு வசதியைக் குறைத்து வாங்குவதை அறிவுரையாக வேறு வழங்குகிறார்.

நியூஜெர்சி நெல்லையன்:
பெரியவருக்கு வணக்கம். நான் எழுதியதில் தட்டைப் பற்றிய பகுதி அரை வரி. அலைவரிசைகளைப் பற்றியது பத்து வரி. அந்தப் பத்து வரியைத் தாங்கள் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு போன் இரண்டு நாடுகளில் வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பது தட்டு அல்ல, அது எந்தெந்த அலைவரிசைப் பட்டைகளைப் பிடிக்கிறது என்பதே. இந்தியாவில் 4ஜி பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41 ஆகிய பட்டைகளில் ஓடுகிறது. இங்கே அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 என்று கணக்கு வேறு. ஊரில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போனை எடுத்து வருகிறவர்களில் பலர், நகரத்தைத் தாண்டி இருபது மைல் போனதும் சமிக்ஞை இல்லாமல் விழிப்பதை நான் நேரில் பார்த்துவருகிறேன். இவற்றில் 600, 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள்தாம் இங்கே நெடுந்தூரத்துக்கும் கட்டடத்தின் உள்ளேயும் எட்டும். அந்தப் போன்களில் அவை இருப்பதில்லை. அமெரிக்க ஐபோனில் இரு நாட்டுப் பட்டைகளும் உள்ளன. இதற்கு மேல் எதை நிரூபிக்க வேண்டும்?

மயிலாப்பூர் முதியவர்:
பட்டை எல்லாம் சரி, சிம்மை எங்கே போடுவது?

ரிச்சி தெரு கடைக்காரன்:
நான் பதினெட்டு வருடமாகப் போன் விற்கிறேன். இருவரும் பெரிய படிப்பு படித்தவர்கள், ஆனால் கடையில் வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். “இரண்டு சிம் போடலாமா?” என்பதுதான் முதல் கேள்வி, விலை இரண்டாவது கேள்வி. பட்டையைப் பற்றிக் கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. இசிம்மே வேண்டாம், இரண்டும் அசல் சிம்மாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் ஹாங்காங் சரக்கைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அங்கே விற்கும் ஐபோனில் இரண்டு நானோ சிம் போடலாம். ஆகவே தட்டு பாட்டன் காலத்துச் சமாச்சாரம் என்பதை வியாபாரி என்ற முறையில் நான் ஏற்கமாட்டேன்.

குடந்தை மங்கை:
ஐயா, ஒரு சந்தேகம். வெளிநாடு என்று இங்கே எல்லோரும் சொல்வது பத்து நாள் சுற்றுலாவையா, ஐந்தாண்டு வேலையையா? என் அம்மா, என் தங்கையின் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் மெல்போர்ன் போகிறார். அவருக்கு எது பொருந்தும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நியூஜெர்சி நெல்லையன்:
கடைக்காரர் சொல்வதைக் கேட்டால், இட்லிக் கடையில் யாரும் அரிசியின் வகையைக் கேட்பதில்லை, ஆகவே அரிசி முக்கியமில்லை என்பதுபோல் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கவில்லை என்றால் விற்கிறவர் சொல்ல வேண்டும். இங்கே 2022ஆம் ஆண்டுக்குள் பெரிய நிறுவனங்கள் மூன்றும் 3ஜியை மூடிவிட்டன. 4ஜி வழியாகவே குரல் அழைப்பும் போக வேண்டும். அந்த வசதியை இங்குள்ள நிறுவனம் அந்த மாதிரிப் போனுக்கு அனுமதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இணையம் வரும், பேச முடியாது. தங்கள் கடையில் வாங்கிப் போகிறவரிடம் இதைச் சொல்வதுண்டா? பெரியவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐபோனில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட இசிம்களைச் சேமித்து வைக்கலாம், ஐபோன் 13 முதல் இரண்டை ஒரே நேரத்தில் இயக்கலாம். விமானம் தரையிறங்கும்போதே உள்ளூர் எண் உயிர் பெற்றுவிடும். திருடன் போனைப் பறித்தாலும் சிம்மை உருவி எறிய முடியாது. ஆனால் தட்டு வேண்டுமாம்! தட்டு எண்ணிப் பார்க்க இதென்ன நிச்சயதார்த்தமா?

மயிலாப்பூர் முதியவர்:
நிச்சயதார்த்தத்தில் தட்டு குறைந்தாலே சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். இங்கே தட்டே இல்லை என்கிறீர்கள், பெருமையாகவும் சொல்கிறீர்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டாலஸில் இருக்கும் என் மகன் அன்பாக அப்படி ஒரு போனை வாங்கிக் கொடுத்தான். சென்னைக்கு வந்து என் பழைய சிம்மை அதில் மாற்ற முயன்றபோதுதான் தெரிந்தது, இசிம்முக்கு மாற வேண்டுமானால் பதிவு செய்த மின்னஞ்சல் வேண்டும். என்னுடைய பதிவிலோ பணியில் இருந்த காலத்து அலுவலக முகவரி இருந்தது. கடைக்கு இரண்டு முறை நேரில் நடந்து, விரல் ரேகை வைத்து, ஒருவழியாக மாற்றிக்கொண்டேன். சிம் மாற்றினால் மோசடியைத் தடுப்பதற்காக 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்திவைக்கிறார்கள். அந்த விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நாளில்தான் என் வைப்புநிதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒருமுறைக் கடவுச்சொல் வரவே இல்லை. பழைய சிம்மைத் தட்டில் வைத்துத் தள்ளியிருந்தால் அரை நிமிட வேலை. போன் கெட்டுப்போனால் சிம்மைக் கழற்றி மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போனில் போட்டுக்கொள்ளலாம். இசிம்மை எதைக்கொண்டு கழற்றுவது? பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் இசிம் சேவையைத் தொடங்கியதே 2025இல்தான். அதுவரை அந்த நிறுவனத்தின் எண்ணை வைத்திருந்தவர்கள் உங்கள் கணக்கில் மனிதர்களாகவே சேரவில்லையா?

தோஹா கீழக்கரையான்:
முதியவர் ஐயா சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு, ஆனால் அமெரிக்காவை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஐபோன் 17 வந்த பிறகு கத்தார், சவூதி, அமீரகம், ஓமன், குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்பதிலும் தட்டு இல்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிறவன் மச்சானுக்கு ஒரு போன் கொண்டுவருவது எங்கள் ஊரில் வழக்கம், இனிமேல் கொண்டுவந்தால் “சிம் எங்கே போடுறது மாப்பிள்ளை?” என்ற கேள்வியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. துபாயில் எவ்வளவு விலை உயர்ந்த போனை வைத்திருந்தாலும் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு போகாது. பட்டையும் தட்டும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

நியூஜெர்சி நெல்லையன்:
வளைகுடாவிலும் தட்டை எடுத்துவிட்டார்கள் என்றால் உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்குகிறதல்லவா? என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி.

தோஹா கீழக்கரையான்:
நான் தங்களுக்கு வலு சேர்க்கவில்லை. குறையைச் சொன்னேன். அதையும் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

மயிலாப்பூர் முதியவர்:
அவர் எதையும் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். சென்ற ஆண்டு பவர் பேங்க்கைப் பெட்டியில் போட்டு விமானத்தின் சரக்கு அறைக்கு அனுப்பலாம் என்று ஒருவருக்கு அறிவுரை சொன்னவர் இவர்தான். கையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், 100 வாட் மணி வரை, அதாவது 3.7 வோல்ட்டில் சுமார் 27,000 மில்லி ஆம்பியர் மணி வரை தனி அனுமதி தேவையில்லை என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கணக்கே வராதவர் பட்டைக் கணக்கு சொல்ல வருகிறார்.

நியூஜெர்சி நெல்லையன்:
பவர் பேங்க்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அன்று நான் எழுதியது எழுத்துப்பிழை. “போடலாகாது” என்பது “போடலாம்” என்று விழுந்துவிட்டது. அதை ஓராண்டாக முடிந்துவைத்திருந்து எடுத்து வீசுகிறார்.

ரிச்சி தெரு கடைக்காரன்:
நான்கு எழுத்து விழுந்துபோன பிழையை இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன் சார்.

மயிலாப்பூர் முதியவர்:
மூன்று எழுத்து. ‘கா’, ‘து’ போய் ‘ம்’ வந்திருக்கிறது. எண்ணுவதிலாவது துல்லியம் வேண்டும்.

குடந்தை மங்கை:
மெல்போர்ன் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அம்மாவிடம் இருப்பது நான்கு ஆண்டுக்கு முன்பு இங்கே வாங்கிய ஆண்ட்ராய்டு போன். அதையே கொண்டுபோகலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?

தோஹா கீழக்கரையான்:
சகோதரி, ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டிலேயே 3ஜியை மூடிவிட்டார்கள். அவசர எண் 000க்கு 4ஜி வழியாக அழைக்க முடியாத போனில் அந்த ஊர் சிம்மைப் போட்டால் நிறுவனமே அதைத் தடுத்துவிடும். போனின் மாதிரி எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, தங்கையை அங்குள்ள நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். அம்மாவின் வங்கிக் குறுஞ்செய்தி வர வேண்டுமானால் இந்திய எண்ணில் ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிட்டுப் போகட்டும்.

நியூஜெர்சி நெல்லையன்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிவருகிறேன்: பட்டையும் குரல் வசதியும்தான் முக்கியம்.

மயிலாப்பூர் முதியவர்:
இதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்லிவருகிறேன். அந்த அம்மையாரின் இந்திய சிம் தட்டில் இருக்கட்டும், ஆஸ்திரேலிய எண்ணை மின்சிம்மாகப் போட்டுக்கொள்ளட்டும்; தட்டுள்ள இந்தியப் போன் அவரிடம் இருப்பதால்தான் இது முடிகிறது. ஆறு மாதம் இல்லாமல் இருக்கப்போகிறார் என்பதால் இன்னொன்று. முன்கட்டண எண்ணைத் தொடர்ந்து 90 நாள் எதற்கும் பயன்படுத்தாவிட்டால் அதைத் துண்டித்துவிடலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு எண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. நியூஜெர்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு இருபது ரூபாயின் அருமை தெரிய நியாயமில்லை.

நியூஜெர்சி நெல்லையன்:
இருபது ரூபாயின் அருமை தெரியாதாம்! ஒவ்வொரு மாதமும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் நான். பாளையங்கோட்டையில் இருக்கும் என் தந்தையின் போனுக்கு மாதந்தோறும் கட்டணம் கட்டுவதும் நான்தான். வெளிநாட்டில் இருப்பவன் என்றாலே இளக்காரமாகப் பேசுவதை இந்த இடத்தில் பலமுறை பார்த்துவிட்டேன். தவிர, நான்கு ஆண்டுக்கு முந்தைய ஆண்ட்ராய்டில் இசிம் வசதி இருக்கிறதா என்று கேட்காமலே இசிம் போடச் சொல்லிவிட்டார். அந்த விலையில் வந்த பல போன்களில் அது கிடையாது. மேலும் “மின்சிம்” என்ற சொல்லே தவறு. இசிம்மின் முதல் எழுத்துக்கு மின்னணு என்று பொருள் இல்லை, பலகையிலேயே பதிக்கப்பட்டது என்று பொருள். “பதிசிம்” என்று வேண்டுமானால் சொல்லலாம். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் இதைச் சொல்லித்தரவில்லை போலும்.

மயிலாப்பூர் முதியவர்:
மின்னஞ்சல், மின்னிதழ், மின்நூல் என்று ஊரே பழகிவிட்ட வழியில் நான் மின்சிம் என்று எழுதினேன். “பதிசிம்” என்றால் ‘பதியின் சிம்’ என்று பொருள்கொண்டு மனைவிமார் அதைக் கழற்றித் தரச் சொல்லப்போகிறார்கள். கழற்றித் தரவும் முடியாது, ஏனென்றால் தட்டு இல்லை. இசிம் வசதி அந்தப் போனில் இல்லையென்றால் என்ன கெட்டுப்போயிற்று? அதில் இரண்டு சிம் போடும் தட்டு இருக்கும். தட்டு இருக்கிறவனுக்கு வழி இருக்கிறது. இல்லாதவன்தான் தட்டுக்கெட்டு நிற்க வேண்டும்.

ரிச்சி தெரு கடைக்காரன்:
சார் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த அம்மாவைக் கடைக்கு அனுப்பிவையுங்கள், இரண்டு சிம், 5ஜி, எல்லா நாட்டிலும் வேலை செய்கிற போனாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

நியூஜெர்சி நெல்லையன்:
“எல்லா நாட்டிலும்” என்றால் எந்தப் பட்டைகள்? பெட்டியில் எழுதியிருப்பதை இங்கே ஒருமுறை பதிவிட முடியுமா? பெட்டியின் மேல் “இந்த வட்டாரத்து சிம்மை முதலில் போட்டு ஐந்து நிமிடம் பேசிய பிறகே மற்ற நாட்டு சிம் வேலை செய்யும்” என்று ஒட்டியிருக்கும் போன்களும் சந்தையில் உண்டு. அதைப் பிரிக்காமல் அப்படியே வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ப் பரிசு கொடுக்கிறவர்கள் அங்கே தவிக்கிறார்கள். இதையாவது வாடிக்கையாளரிடம் சொல்கிறீர்களா?

ரிச்சி தெரு கடைக்காரன்:
சொல்கிறேனா இல்லையா என்பதைக் கடைக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தவணையில் வாங்கிய போனைப் பணம் முடியாமலே ஊருக்குக் கொண்டுவந்து, வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காத நிறுவனப் பூட்டு போட்டிருப்பது தெரியாமல், “அண்ணே, இதைத் திறந்து கொடுங்கள்” என்று வாரம் இரண்டு பேர் என் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் உலகம் முழுக்க வேலை செய்யும் என்று யாரோ சொல்லிக் கேட்டவர்கள்தாம்.

நியூஜெர்சி நெல்லையன்:
பூட்டில்லாத போனைப் பற்றித்தான் நான் பேசினேன். அதுகூடவா விளக்க வேண்டும்?

மயிலாப்பூர் முதியவர்:
கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுதான் எழுதினீர்கள். பூட்டு இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணைத் திறக்க வேண்டும்.

குடந்தை மங்கை:
கீழக்கரை அண்ணனுக்கு நன்றி. தங்கை கேட்டுப் பார்த்தாள், பழைய போனே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா வியாழக்கிழமை கிளம்புகிறார். கடைசியாக ஒன்று: சிம்மை மாற்றத் தட்டைத் திறக்கும் ஊசி எங்கோ தொலைந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?

நியூஜெர்சி நெல்லையன்:
பார்த்தீர்களா, ஊசி தேவைப்படாத போனாக இருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது.

மயிலாப்பூர் முதியவர்:
அம்மாவின் கம்மலைக் கழற்றி அதன் தண்டால் மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள், தட்டு தானாக வெளியே வரும். போன முறை டாலஸில் என் மனைவி அப்படித்தான் திறந்தாள். தட்டுள்ள போன் என்பதால் திறந்தது.

ரிச்சி தெரு கடைக்காரன்:
கம்மல் தண்டு தடிமனாக இருந்தால் துளை சிதைந்துவிடும் சார். ஊசி என் கடையில் இலவசம்.

மயிலாப்பூர் முதியவர்:
சிதையாது. எந்தத் துளைக்கு எவ்வளவு தடிமன் என்று அளவோடு நாளைக் காலையில் எழுதுகிறேன்.