தவக்காலத்துக்கு எதை எடுத்துச் செய்யலாம்?

கேள்வி (ராயபுரம்)
40 நாள் கறி சாப்பிடாம இருக்கிறதோட நிறுத்தாம, இந்தத் தவக்காலத்துல (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நோன்பு நாள்கள்ல) உருப்படியா ஏதாவது செய்யணும். துறைமுகத்துல ஷிப்ட் வேலை, வாராவாரம் நேரம் மாறும். அம்மாவுக்கு 66 வயசு, சர்க்கரை இருக்கு. ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுசாச் சாப்பிடுற நோன்பு) இருந்தே தீருவேன்னு நிக்கிறாங்க. என்ன பண்ணலாம்?

பதில் 1
முதல்ல அம்மா. ஒருசந்திக் கடமை 18 வயசு நிறைஞ்சவங்களுக்கு, 59 நிறையுற வரைக்கும்தான். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துட்டு வேளைச் சாப்பாட்டை விட்டா சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வேண்டவே வேண்டாம். சுத்தபோசனம், அதாவது கறி சாப்பிடாம இருக்கிறது, அதை மட்டும் அனுசரிக்கட்டும்.

உங்களுக்குக் கட்டாய ஒருசந்தி தவக்காலத்தோட முதல் நாளான சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். ஒரு முழுச் சாப்பாடு. மத்த ரெண்டு வேளையும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டு அளவை எட்டக்கூடாது. மத்த வெள்ளிகள்ல கறி கிடையாது. மீனுக்குத் தடையில்ல, ஆனா காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கி வறுத்துச் சாப்பிட்டா அதுல தவம் எங்க இருக்கு? ரசமும் கீரையும் போதும்.

பதில் 2
ஷிப்ட் வேலைன்னா மணி பார்த்து ஜெபம் வைக்காதீங்க, ரெண்டாவது வாரமே விட்டுப்போயிடும். வேலைக்குக் கிளம்ப சட்டை மாட்டுறதுக்கு முன்னாடின்னு வச்சுக்குங்க. அன்னைக்கு உரிய நற்செய்திப் பகுதியை ரெண்டு தடவை மெதுவா வாசிங்க, மனசுல தைச்ச ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க.

பங்குல வெள்ளிச் சிலுவைப்பாதைக்கு (இயேசுவோட பாடுகளை 14 நிலைகளாத் தியானிக்கிற ஜெபம்) போக முடியலன்னா, கோயில் திறந்திருக்கிற நேரத்துல தனியாப் போய்ச் செய்யலாம். 14 நிலைக்கும் நடந்து போகணும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நிமிஷம் நின்னா அரை மணிநேரத்துல முடியும். புத்தகம் கட்டாயமில்ல. புத்தகத்தை வேகமா வாசிச்சு முடிக்கிறதுலதான் பலருக்கும் பாடுகளைத் தியானிக்கிறது தவறிப்போகுது.

பதில் 3
தர்மத்தை விட்டுட்டீங்களே! மத்தேயு 6ல ஆண்டவர் முதல்ல சொல்றதே அதுதான். கறிக்கு ஆகிற காசை அந்தந்த வெள்ளியே தனி டப்பாவுல போடுங்க. கடைசியில கணக்குப் பார்த்துக்கலாம்னா வீட்டுச் செலவோட கலந்துடும். ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் தொடங்குது, 61 நாள். படகுல கூலிக்குப் போற வீடுகள்ல அப்போதான் கையில காசிருக்காது. யாருக்குத் தேவைன்னு அன்பியத்துல (பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு) கேட்டு, பேர் வெளிய தெரியாம அரிசி, எண்ணெய் வாங்கிக் குடுங்க.

கேள்வி கேட்டவர்
நன்றிங்க. ஞாயித்துக்கிழமையும் 40ல சேருமா?

பதில் 1
சேராது. சாம்பல் புதன்ல இருந்து பெரிய சனி வரைக்கும் 46 நாள், 6 ஞாயிறு போனா 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்னைக்கு ஒருசந்தி கிடையாது. ஜெபத்தை மட்டும் அன்னைக்கும் விடாதீங்க. பாவசங்கீர்த்தனத்தை (சாமியார்கிட்ட பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது) ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் வர்ற பெரிய வாரத்துல வரிசை நீளமா நிக்கும், சாமியார்கிட்ட நிதானமாப் பேச முடியாது.