நல்லா ஓடுற பழைய மெஷின மாத்தணுமா? குவில்ட் தைக்கிறவங்க சொல்லுங்க

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப ஒரு குழப்பம் அதான் எழுதுறேன். என்கிட்ட இருக்கறது பழைய இரும்பு பாடி மெஷின், நேர் தையல் மட்டும்தான், பின்னாடி மோட்டார், பெல்ட்ல ஓடும். இதுவரைக்கும் மக்கர் பண்ணதே இல்ல, எண்ணெய் விட்டு, அடிநூல் சுத்தி வைக்கிற பாபின் கிட்ட சேர்ற பஞ்ச தட்டி விட்டா போதும் அது பாட்டுக்கு ஓடும். சட்டை, திரை, தலகாணி உறைன்னு எல்லாம் இதுலதான் தைக்கிறேன். நடுவுல ஒட்டுத்துணி பைத்தியம் புடிச்சு குவில்ட்ல, அதாவது மூணு அடுக்கு சேத்து தைக்கிற போர்வைல இறங்கிட்டேன். குழந்தைங்க போர்வை சைஸ் வரைக்கும் ஜாலியா போச்சு. இப்ப டபுள் பெட்டுக்கு ஒண்ணு, மேல் பக்கம் முழுசா ஜாயின் பண்ணி முடிச்சாச்சு, 90 இஞ்ச் அகலம் வருது. இதோட பேட்டிங்கும் (நடுவுல வைக்கிற பஞ்சு அடுக்கு) அடித்துணியும் சேத்து மூணையும் ஒண்ணா தைக்கணும்னு நெனச்சாலே மலைப்பா இருக்கு, மெஷின் கைக்கு கீழ அவ்ளோ துணி எங்க போகும்? புதுசு பாத்தா 200 தையல், டச் ஸ்க்ரீன், தானா நூல் கோக்கும்னு என்னென்னமோ போட்டிருக்கான். இதெல்லாம் நெஜமாவே குவில்ட்டுக்கு வேணுமா, இல்ல பழசே போதுமா? வீட்ல எல்லாரும் ஓடுறத ஏன் மாத்தணும்ங்கறாங்க. அவங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது.

ஊசிமுனை:
வாங்க நூல்கண்டு. மொதல்ல ஒரு விஷயம், குவில்ட்ல ரெண்டு தனித்தனி வேலை இருக்கு, துண்டு துண்டா ஜாயின் பண்றது ஒண்ணு, மூணு லேயரயும் சேத்து தைக்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் மெஷின்கிட்ட நீங்க எதிர்பாக்கறது வேற வேற. ஜாயின் பண்ற வேலைக்கு உங்க பழசு புது மெஷினுக்கு ஒரு படி மேலன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா நேர் தையல் மெஷின்ல ஊசி எறங்குற ஓட்டை சின்னதா வட்டமா இருக்கும், முக்கோணத் துண்டோட கூர் முனை உள்ள போய் மாட்டாது. ஜிக்ஜாக் மெஷின்ல ஓட்டை அகலம், முனைய அப்படியே முழுங்கிடும், அதுக்குன்னு தனியா நேர் தையல் பிளேட் வாங்கி மாட்டணும். 1933ல வந்த சிங்கர் 221, ஃபெதர்வெயிட்னு சொல்லுவாங்களே, சுமார் 5 கிலோதான், நேர் தையல் தவிர ஒண்ணும் தெரியாது, அத இன்னிக்கும் குவில்ட்காரங்க தேடித் தேடி வாங்கறாங்கன்னா காரணம் துண்டுகள ஜாயின் பண்ண ஓரத்துலேர்ந்து கால் இஞ்ச் விட்டு போடற தையல் சுத்தமா வர்றதுதான்.

பிரச்சனை ரெண்டாவது வேலைலதான். ஊசிலேர்ந்து வலது பக்கம் அந்தத் தூண் வரைக்கும் எத்தன இஞ்ச்னு ஒரு டேப் வெச்சு அளந்து சொல்லுங்க. அந்த நம்பர் தெரியாம யாரும் உருப்படியா பதில் சொல்ல முடியாது. 200 தையல மறந்துடுங்க, குவில்ட்டுக்கு அதுல முக்காவாசி வேண்டாம்.

நூல்கண்டு:
அளந்தேன் அக்கா, ஆறரை இஞ்ச். உயரம் அஞ்சுக்கு கொஞ்சம் கம்மி.

ஊசிமுனை:
அப்ப கணக்கு போடலாம். நீங்க நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு போனா எந்த நேரத்துலயும் அதிகபட்சம் பாதி துணிதான் வலது பக்கம் இருக்கும், அதாவது 45 இஞ்ச். அத எவ்ளோ இறுக்கி சுருட்டினாலும், பேட்டிங் உப்பலா இருந்தா நாலு இஞ்ச் உருளை வந்துரும். ஆறரைல நாலு போனா மிச்சம் ரெண்டரை. நேர்கோடா மேலேர்ந்து கீழ இழுத்துட்டு போறதுக்கு அந்த ரெண்டரை தாராளம், ஏன்னா துணி ஒரே திசைலதான் நகரும். வளைஞ்சு வளைஞ்சு பூவும் கொடியுமா ஃப்ரீ மோஷன் (துணிய கையாலயே எல்லா பக்கமும் நகத்தி தைக்கிறது) பண்ணணும்னா அந்த ரெண்டரை இஞ்சுக்குள்ளதான் கைய ஆட்டணும், ஒரு பூ முழுசா முடியறதுக்குள்ள நிறுத்தி துணிய மாத்திப் போட்டுட்டே இருப்பீங்க, நிறுத்துன எடமெல்லாம் தையல் கோணும். அதனால கேள்வி பழசா புதுசாங்கறது இல்ல. நீங்க நேர்கோடா, பூவா?

இன்னொண்ணு, உருளையா சுருட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. துணிய அப்படியே கசக்கி குவியலா உள்ள தள்ளினா உருளைய விட நல்லா வளைஞ்சு கொடுக்கும்.

ஸ்பேனர்:
மெஷின் ரிப்பேர் பக்கத்துலேர்ந்து ரெண்டு வார்த்தை. மேடம், பழைய மோட்டாருக்கு சக்தி பத்தாது, மூணு லேயர் இழுக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. காட்டனும் பேட்டிங்கும் ஊசிக்கு ஒண்ணுமே இல்ல, ஜீன்ஸ் மடிப்பு இத விட கெட்டி. குவில்ட்ல மெஷினுக்கு கொஞ்சம் பாரமா இருக்கறது கடைசில பைண்டிங், அதாவது ஓரத்த சுத்தி தைக்கிற பட்டியோட மூலை மடிப்பு மட்டும்தான்.

பழச வெச்சுக்கறதா இருந்தா மொதல்ல வயர பாருங்க, ரப்பர் உறை வெடிச்சு பொடிப்பொடியா உதிர்ந்தா உடனே மாத்திடணும், இதுல மட்டும் சமரசம் வேண்டாம். பெல்ட்ல விரிசல் இருக்கா, மோட்டார் கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கான்னும் பாத்துக்கோங்க. அப்புறம் மூணு லேயர்ல ஒரு சின்ன துண்டு எடுத்து மெதுவாவும் வேகமாவும் தைச்சு திருப்பிப் பாருங்க. அடில நூல் கண்ணி கண்ணியா தொங்கினா எல்லாரும் பாபின குறை சொல்லுவாங்க, பாபின் ஸ்க்ரூவ திருக ஆரம்பிச்சுடுவாங்க. அத தொடாதீங்க. பெரும்பாலும் குத்தம் மேல்நூல்லதான், நூல இறுக்கிப் பிடிக்கற டென்ஷன் தட்டுக்கு நடுவுல நூல் சரியா உக்காந்திருக்காது. துணிய அழுத்திப் பிடிக்கற ஃபுட்ட தூக்கி வெச்சு மறுபடி நூல் கோத்து விடுங்க, ஃபுட் கீழ எறங்கியிருந்தா தட்டு இறுகி இருக்கும், நூல் உள்ள போகாது. ஃப்ரீ மோஷன்ல வளைவுல மட்டும் அடில நூல் நீட்டிக்கிட்டு நின்னா அது பெரும்பாலும் கை வேகம், மெஷின விட கை முந்துதுன்னு அர்த்தம். மேல்நூல் லூசா இருந்தாலும் வரும்.

ஃப்ரீ மோஷனுக்கு, துணிய நகத்துற பல்லு கீழ எறங்குற வசதி இல்லன்னாலும் பரவால்ல, தையல் நீளத்த சைபர்ல வெச்சா பல்லு மேலயும் கீழயும் ஆடும், துணிய முன்னாடி தள்ளாது. தேவைக்கு அது போதும்.

தோள்வலி_சங்கம்:
எல்லாரும் பழசுக்கே கொடி பிடிக்கறீங்க, நான் எதிர்ப்பக்கம். எனக்கு கழுத்தும் தோளும் போன பிறகுதான் புதுசு வாங்கினேன், இன்னும் முன்னாடியே வாங்கியிருக்கலாம்னு நெனைக்கிறேன். குவில்ட் தைக்கும்போது ரெண்டு கையும் துணி மேல இருக்கணும். பழசுல நிறுத்தும்போது ஊசி பல தடவ மேலயே நின்னுடும், வலது கைய எடுத்து வீல சுத்தி ஊசிய கீழ எறக்கணும், அதுக்குள்ள துணியோட பாரம் இழுத்து இடது பக்கம் ரெண்டு நூல் நகந்துருக்கும். புதுசுல நிறுத்தினா ஊசி கீழயே நிக்கும். முட்டிய ஒரு தள்ளு தள்ளினா ஃபுட் தூக்கும். இந்த ரெண்டும் சின்னதா தெரியும், ஆனா ஒரு முழு பெட் சைஸ்ல ஆயிரக்கணக்கான தடவ நிறுத்தி எடுக்கறோம். இதோட ஃபுட் அழுத்தத்த கூட்டிக் குறைக்கற வசதி, ஒம்பது இஞ்ச் மேல எடம், வேகத்துக்கு ஒரு லிமிட், இவ்ளோ இருந்தா எனக்கு போதும். ஸ்க்ரீன்ல பூ படம் வந்து என்ன பண்ணப் போறேன்.

ஸ்பேனர்:
அதுல மறுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, எலக்ட்ரானிக் போர்டு போனா கொஞ்ச வருஷம் கழிச்சு பார்ட்ஸ் கிடைக்கும்னு உத்தரவாதம் கிடையாது. பழசுல எல்லாம் ஸ்க்ரூவும் இரும்பும்தான். அதனால புதுசு வந்தாலும் பழச எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிடாதீங்க, எக்ஸ்சேஞ்ச்ல அதுக்கு மரியாதையான விலை யாரும் தர மாட்டாங்க.

ஊசிமுனை:
தோள்வலி சொன்ன அந்த இழுப்பு பத்தி ஒண்ணு. அதுல பாதி மெஷின் குத்தம் இல்ல, மேஜை குத்தம். குவில்ட் விளிம்புலேர்ந்து கீழ தொங்கினா அதோட எடையே துணிய பின்னாடி இழுக்கும், தையல் திடீர்னு பொடிசாகும், ஊசி வளைஞ்சு பிளேட்ல இடிக்கும். மெஷின் தட்டும் மேஜையும் ஒரே மட்டத்துல இருக்கணும், இடது பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேஜைய ஒட்டிப் போடுங்க. எந்த புது மெஷின் வாங்கினாலும் இத பண்ணலேன்னா அதே கதைதான்.

நூல்கண்டு, இந்த குவில்ட்ட மட்டும் இருக்கற மெஷின்லயே முடிக்கணும்னா மூணு பட்டையா பிரிச்சு தைக்கலாம். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியா பேட்டிங், அடித்துணி வெச்சு குவில்ட் பண்ணிட்டு கடைசில சேக்கறது. 30 இஞ்ச் பட்டைன்னா உங்க ஆறரை இஞ்சுல சுகமா போகும். சேக்கற எடத்துல முன்பக்கம் ஒரு பட்டி மெஷின்ல, பின்பக்கம் கைத்தையல். டாப் ஏற்கெனவே ஒண்ணா சேத்துட்டீங்கங்கறதால ரெண்டு நீள ஜாயின்ட பிரிக்க வேண்டி வரும், அதுக்கு மனசு வருமா பாருங்க.

நூல்கண்டு:
பிரிக்க மனசு வரல அக்கா 😀 டாப் அப்படியே இருக்கட்டும். நேத்து ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரி சாம்பிள் தைச்சேன், மேல்நூல மறுபடி கோத்ததும் அடில கண்ணி போயிடுச்சு, ஸ்க்ரூவ தொடவே இல்ல. பழைய போர்வை ஒண்ண கைக்கு கீழ தள்ளி நேர்கோடு இழுத்துப் பாத்தேன், போகுது. வளைவு பண்ணப் பாத்தேன், தூண்ல இடிச்சு இடிச்சு கடுப்பாயிடுச்சு. அதனால இத வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் அடித்துணியோட சேத்து நகத்துற ஃபுட்) போட்டு நேர்கோடா முடிக்கப் போறேன். ஃப்ரீ மோஷன் ஆசை நிக்கலேன்னா அப்ப நேர் தையல் மட்டும் இருக்கற அகலமான மெஷினா பாக்கறேன், பழசு ஜாயின் பண்ண அப்படியே இருக்கும்.

தோள்வலி_சங்கம்:
நல்ல முடிவுதான், ஆனா வாங்கப் போகும்போது அந்த போர்வையையும் உங்க நூலையும் கைல எடுத்துட்டு போங்க. கடைல மெலிசா ஒரு ஒத்தை துணிய குடுத்து ஓட்டிக் காட்டுவாங்க, அதுல எந்த மெஷினும் நல்லாத்தான் தைக்கும்.

ஸ்பேனர்:
வாக்கிங் ஃபுட் வாங்கும்போது உங்க மெஷின் லோ ஷாங்க்கா ஹை ஷாங்க்கான்னு, அதாவது ஃபுட் மாட்டுற தண்டு தாழ்வா உயரமான்னு கேட்டு வாங்குங்க, மாறினா உக்காராது. மாட்டும்போது பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கற கவை, ஊசிய பிடிக்கற ஸ்க்ரூ மேல ஏறி உக்காரணும், நெறய பேர் அத கீழ விட்டுட்டு ஃபுட் வேலையே செய்யலன்னு கொண்டு வராங்க. நேர்கோட்டுக்கு 90/14 சைஸ் ஊசி புதுசு ஒண்ணு போட்டு ஆரம்பிங்க.