சாரணர் படையில் அணிகளைப் பிரிப்பதும் படிநிலைத் தேர்வு நடத்துவதும் எப்படி?

கேள்வி:
வணக்கம். புதிதாகத் தொடங்கிய சாரணர் படை ஒன்றில் உதவிப் பொறுப்பு ஏற்றிருக்கிறேன். 24 பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஒத்த வயதினரை ஓர் அணியாக வைப்பதா, மூத்தவர்களையும் இளையவர்களையும் கலந்து வைப்பதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. படிநிலைத் தேர்வை எல்லோருக்கும் ஒரே நாளில் நடத்தலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
கலந்து வைப்பதே முறை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, ஏறத்தாழ 20 சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியின் பொறுப்பையும் மூத்த சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அணிக்கு 6 முதல் 8 பேர் என்ற வழக்கப்படி உங்களுக்கு மூன்று அல்லது நான்கு அணிகள் அமையும். கூடாரம் அடிப்பது, சமைப்பது, விளையாடுவது எல்லாம் அணியாகவே நடக்கட்டும். அணித்தலைவர்கள் கூடிப் பேசும் கோர்ட் ஆஃப் ஹானரில் நீங்கள் ஆலோசகராக மட்டும் அமருங்கள். பாதுகாப்பு தொடர்பான விஷயங்களைத் தவிர மற்ற முடிவுகளை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

பதில் 2:
ஒரே நாளில் தேர்வு வேண்டாம். இந்தியாவில் பிரவேஷ் என்ற நுழைவு நிலையில் தொடங்கி, பிரதம, த்விதீய, திரிதீய சோபான் என்ற முதல், இரண்டாம், மூன்றாம் நிலைகளைக் கடந்து, ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது வரை படிகள் உள்ளன. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கேற்ற வேகத்தில்தான் அவற்றில் ஏற வேண்டும். எதைத் தேர்வு செய்கிறோம் என்பதும் முக்கியம். போலைன் முடிச்சை மேசைமேல் போட்டுக் காட்டுபவரைவிட, கயிற்றைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டி, இழுத்தாலும் கண்ணி இறுகாமல் நிற்பதைக் காட்டுபவரே அதை உண்மையில் கற்றவர். அடுத்த வாரம் கேட்டாலும் அவர் போட்டுக் காட்டுவார்.

பதில் 3:
மேலே இருவரும் தனித்தனியாகச் சொன்னவை உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. இளையவருக்கு முடிச்சைக் கற்றுத்தர வேண்டியவர் அணித்தலைவர்தான். அதைச் சரிபார்ப்பது மட்டுமே சாரண ஆசிரியரின் வேலை. அமெரிக்கச் சாரணர் படிநிலைகளில் ஸ்டார் நிலைக்கு 4 மாதங்களும், லைஃப், ஈகிள் நிலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 6 மாதங்களும் படையில் பொறுப்பு வகித்திருக்க வேண்டும் என்று விதித்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான் என்பது என் கருத்து. ஒரே வயதினரை ஓர் அணியில் அடைத்துவிட்டால், அங்கே கற்றுத்தரவும் ஆள் இருக்காது, பொறுப்பேற்றுப் பழகவும் வாய்ப்பு இருக்காது.