டிம்மரைப் பாதி ஏற்றினால் மூவிங் ஹெட் தானாகத் திரும்புகிறது: காரணம் என்ன?

கேட்டவர்:
வணக்கம். எங்கள் ஊர்க் கல்லூரி அரங்கில் நாடகங்களுக்கு ஒளியமைப்பைக் கவனித்து வருகிறேன். மேடைக்கு மேலே எல்இடி பார் விளக்குகளும், அதே டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளைகளை எண்களாக அனுப்பும் முறை) வரிசையின் கடைசியில் நான்கு மூவிங் ஹெட்டுகளும் (கட்டளைப்படி திரும்பும் விளக்குகள்) உள்ளன. பார்வையாளர் பகுதிக்கு மேலே தொங்கும் பழைய ஹாலஜன் விளக்குகளை மேடையோரத்தில் உள்ள, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ரேக் இயக்குகிறது. ஹாலஜன்கள் அணைந்திருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அவற்றை மெல்ல ஏற்றி, அளவு பாதியை நெருங்கியதும் எல்இடிகள் சிமிட்டுகின்றன. கடைசி இரண்டு மூவிங் ஹெட்டுகள் நடிகரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கின்றன. முழு அளவுக்கு ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பின்புற அறையில் உள்ள கன்சோலிலிருந்து (விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பலகை) டிஎம்எக்ஸ் சிக்னலை மேடைக்குக் கொண்டுசெல்வது மைக் கேபிள். ஹாலஜன் வயர்களும் அதே டிரேயில்தான் ஓடுகின்றன. கன்சோலை மாற்றியும் பலனில்லை.

மறுமொழி 1:
‘பாதி அளவில்’ என்று நீங்கள் சொன்னதே முக்கியமான தடயம், ஐயா. ட்ரையாக் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த டிம்மர் மின்னலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் சற்றுத் தாமதித்தே விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. பாதி அளவில் அந்தத் திறப்பு அலையின் உச்சத்தை ஒட்டி, அதாவது 230 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும் கணத்தில் நிகழ்வதால், வினாடிக்கு 100 முறை கூர்மையான இரைச்சல் கிளம்பி, பக்கத்தில் ஓடும் கேபிளுக்குள் புகுகிறது. ரேக்கில் உள்ள சோக் சுருள் அதைத் தணிக்கத்தான் இருக்கிறது; மலிவான ரேக்குகளில் அது பெயரளவுக்கே இருக்கும்.

டிஎம்எக்ஸில் வந்த எண் சரியானதா என்று சோதிக்கும் ஏற்பாடு கிடையாது என்பதால், கெட்டுப்போன எண்ணையும் மூவிங் ஹெட் கட்டளையாகவே ஏற்றுத் திரும்பிவிடும். (வாணவெடி போன்ற ஆபத்தான கருவிகளை டிஎம்எக்ஸில் இணைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.)

முதலில், கடைசி மூவிங் ஹெட்டின் வெளியீட்டில் சிக்னல் செல்லும் 2, 3 ஆகிய பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த டெர்மினேட்டரை (வரிசையை முடித்துவைக்கும் பிளக்) செருகிப் பாருங்கள். அது இல்லையென்றால் சிக்னல் வரிசையின் முனையில் மோதித் திரும்பிவந்து தன்னையே குழப்பும். அடுத்து, மைக் கேபிளை நீக்கிவிட்டு 120 ஓம் டிஎம்எக்ஸ் கேபிளை ஹாலஜன் வயர்களிலிருந்து விலக்கித் தனிவழியில் கொண்டுசெல்லுங்கள். குறுக்கிட்டே தீர வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. டெர்மினேட்டரைச் செருகியதும் மூவிங் ஹெட்டுகளின் தொல்லை கணிசமாகக் குறைந்தது. புதிய கேபிளைத் தற்காலிகமாகத் தரைவழியாக இழுத்தபோது எல்இடிகளும் அநேகமாக அடங்கின. ஆனாலும் எல்லா ஹாலஜன்களையும் ஒன்றாக ஏற்றினால் இடையிடையே சிமிட்டல் வருகிறது. எங்கள் எலக்ட்ரீஷியன், கன்சோல் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கன்சோலுக்குள் மின்கசிவு ஏற்பட்டால், அதைத் தொடுபவரைக் காப்பது அந்த எர்த் இணைப்பே. உங்கள் எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சந்தேகிப்பது மட்டும் சரி. டிஎம்எக்ஸ் கேபிளைக் கழற்றிவிட்டு, டிம்மர்கள் பாதி அளவில் எரியும்போது, கன்சோல் பக்கத்து எர்த்துக்கும் மேடையில் உள்ள முதல் விளக்கின் டிஎம்எக்ஸ் உள்ளீட்டின் 1ஆம் பின்னுக்கும் (சிக்னலின் எர்த் பக்கம்) இடையே ஏசி வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்; அளக்க ஒரு நீண்ட வயர் தேவைப்படும்.

கேட்டவர்:
அளந்ததில் 9 வோல்ட் காட்டியது. ஹாலஜன்களை அணைத்தால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்குகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் மிச்சமிருக்கும் சிமிட்டலுக்குக் காரணம் அதுதான். டிஎம்எக்ஸ் பயன்படுத்தும் ஆர்எஸ்-485 என்ற மின்முறையில், பெறும் சிப்பின் எர்த்தோடு ஒப்பிட்டால் சிக்னல் வயர்களின் வோல்ட்டேஜ் −7 முதல் +12 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; இரு முனைகளின் எர்த் வேறுபாடும் அதோடு சேர்ந்துவிடும். மீட்டர் காட்டும் 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12 வோல்ட்டைத் தாண்டுகிறது. ஆகவே, மேடையோரத்தில் மின்தனிமை உள்ள ஆப்டோ ஸ்ப்ளிட்டர் (சிக்னலை ஒளிவழியே கடத்திப் பல வரிசைகளாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்றை வைத்து, அதன் உள்ளீட்டில் கன்சோலையும், வெளியீடுகளில் எல்இடி வரிசையையும் மூவிங் ஹெட்டுகளையும் தனித்தனியே இணையுங்கள். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே செம்புத் தொடர்பு இல்லாததால் அந்த வேறுபாடு சிக்னலைப் பாதிக்காது. ஒவ்வொரு வெளியீட்டு வரிசையின் கடைசியிலும் தனி டெர்மினேட்டர் தேவை.

சிமிட்டல் நின்றுவிட்டது என்று அந்த 9 வோல்ட்டை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஹாலஜன் எரியும்போது மட்டும் அது ஏறுவதால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அடுத்த நாடகத்துக்கு முன்பே ரேக்கின் இணைப்பையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.