துளைவழி அறுவை: நேர்க்கையும் எந்திரக்கையும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ரோபோடிக் சர்ஜரிக்குத் தமிழில் 'தானியங்கி அறுவை' என்ற சொல்லே போதும் என்று ஏற்காட்டு நண்பர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற மாதம் சேலத்து மருத்துவமனை ஒன்றில், எடைக்குறைப்பு அறுவைக்கு முன் என் அக்காவிடம் ஒப்புதல் படிவம் நீட்டினார்கள். 'தானியங்கி மூலம் இரைப்பை நீக்கம்' என்று அச்சிட்டிருந்தது. அக்கா இரண்டு முறை படித்தாள். பேனா மூடியைத் திறக்கவேயில்லை. "இரைப்பையே இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? மெஷின் தானாக வெட்டினால் டாக்டர் எங்கே இருப்பார்?" என்றாள்.

இரண்டு அச்சமும் சொல்லால் வந்தவை. நீக்குவது இரைப்பையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல். மீதி வாழைப்பழம் போல் ஒடுங்கிய குழலாக நிற்கும். 'இரைப்பைக் குழலாக்கம்' என்று அச்சிட்டிருக்கலாமே!

தானியங்கி என்பது இன்னும் பெரிய பிழை. அந்த எந்திரம் தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் அதே அறையில் சில அடி தள்ளி அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரலை அசைக்கிறார். அந்த அசைவையே எந்திரம் உள்ளே செய்கிறது, கை நடுக்கத்தை வடிகட்டிவிட்டு. ரோபோ என்ற சொல்லின் வேரான செக் மொழி 'ரொபோட்டா'வுக்கே கட்டாய உழைப்பு என்றுதான் பொருள். ஏவினால் செய்வது அது.

வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்யும் லேப்பராஸ்கோப்பிக்கு வழங்கும் 'நுண்துளை'யும் எனக்கு உறுத்துகிறது. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு வைத்த அடை அது. இங்கே துளைகள் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை. 'துளைவழி அறுவை' போதும். மேலும், ரோபோவும் அதே போன்ற துளைகள் வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே இவை எதிரெதிர் முறைகள் அல்ல. துளைவழிக்குள் இரண்டு வகை. வேறுபாடு கையில் இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து மல்கோவாவைப் பறிக்கத் துறட்டியை மதில்மேல் ஊன்றிப் பாருங்கள். கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். துறட்டிக்கு மணிக்கட்டும் கிடையாது. மருத்துவரே கருவியைப் பிடிக்கும் முறை அப்படி. வயிற்றுச் சுவர்தான் மதில். எந்திரக் கருவியின் நுனியிலோ மணிக்கட்டு உண்டு. இரைப்பையைக் குடலோடு இணைத்துத் தைக்கும் மாற்றுவழி (பைபாஸ்) அறுவையில் அது கைகொடுக்கிறது. ஆனால் எடை குறைவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நேரமும் செலவும் எந்திரத்துக்குப் பொதுவாகக் கூடுதல். விளம்பரத் தட்டிகளைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் முன்மொழிவு: 'நேர்க்கைத் துளைவழி அறுவை', 'எந்திரக்கைத் துளைவழி அறுவை'. முதலில் 'பொறிக்கை' என்று எழுதினேன். அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னபோது அது பொரிப்பதாகக் காதில் விழுந்தது, விட்டுவிட்டேன். கயிற்றால் ஆட்டுவிக்கும் பொம்மையான சூத்திரப்பாவையை நினைத்து 'சூத்திரக்கை'யும் ஆசையாக இருந்தது. இன்று சூத்திரம் என்றால் பிள்ளைகளுக்குக் கணக்குதான். எந்திரக்கை என்றதும் அக்கா கேட்டது ஒன்றே: "அந்தக் கையைப் பிடித்திருப்பவர் நம் டாக்டர்தானே?"

ஒரு சொல் பாக்கி இருக்கிறது. மருத்துவர் அமரும் இடத்தில் காலால் இயக்கும் மிதிகள் உண்டு. கேமராவை நகர்த்தவும் திசுவைச் சுடவும் அவைதான். கைத்தறியிலும் நெசவாளர் காலால் மிதித்துத்தான் பாவு நூலைப் பிரிக்கிறார். அந்த மிதிபலகைக்குச் சேலம் அம்மாபேட்டையில் வழங்கும் பெயரைத் தறிக்குடும்பத்து நண்பர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.