லாவைட்டை ஒத்த பாஸ்பேட் கனிமம்: ஓர் ஆக்சிஜன் இடம் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பவேரியாவின் ஹாகன்டார்ஃப் பெக்மடைட்டிலிருந்து (பெரிய படிகங்கள் கொண்ட தீப்பாறை) 1954-இல் விவரிக்கப்பட்ட லாவைட்டை ஒத்ததும், புதியது என்று நாங்கள் கருதுவதுமான இரும்பு-மாங்கனீசு பாஸ்பேட் ஒன்றை விவரித்து வருகிறோம். இரும்பு எண்முகிகள் முனைகளைப் பகிர்ந்து சங்கிலிகளாக நீள, பாஸ்பேட் நான்முகிகள் அவற்றைப் பிணைத்து அடுக்குகளாக்குகின்றன. அடுக்குகளுக்கிடையே மாங்கனீசு அமர்ந்திருக்கிறது. தேன்நிறச் செதில்கள் ஊசி முனை பட்டாலே பிளந்துவிடுவதால், எக்ஸ்-கதிர்த் தரவில் ஹைட்ரஜன் இடங்கள் தெளிவாகக் கிடைக்கவில்லை.

எனவே ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும், ஹைட்ரஜன் நீங்கலாக அருகிலுள்ள அணுக்களிடமிருந்து கிடைக்கும் பிணைப்பு வலுவின் (bond valence) கூட்டுத்தொகை 1-ஐ ஒட்டி வந்தால் ஹைட்ராக்சில், 0.4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் நீர் என்று கொள்கிறோம். இரண்டு இரும்பணுக்களை இணைக்கும் ஆக்சிஜன் மட்டும் 0.7-இல் நிற்கிறது. இரும்பில் ஒரு பகுதி +2 நிலையில் இருப்பதால், மின்சுமையை ஈடுகட்ட அங்கே நீரும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம் (இரு படிகங்கள் ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகத்தால் தரவில் வந்த கோளாறாகவும் இருக்கலாம்). சில மில்லிகிராம் மாதிரியில், இரும்பின் +2, +3 நிலைகளைப் பிரித்தறிய உதவும் மாஸ்பவர் (Mössbauer) நிறமாலை எடுத்தவர்கள் வழிகாட்ட இயலுமா? புதிய கனிமங்களை அங்கீகரிக்கும் பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் ஆணையத்துக்கு முன்மொழிவு அனுப்புவதற்கு முன் வேதி வாய்பாடு உறுதியாக வேண்டும்.