கொடைக்கானல் ஈரத்தில் கிட்டார் லாக்கர் பூச்சு வெளுக்கிறது

வணக்கம். நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கிறேன். என் யமஹா எஃப் 310 கிட்டாரின் பழைய பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, நடுவில் தேன் நிறமும் விளிம்பில் அடர் பழுப்புமாகச் சன்பர்ஸ்ட் அடித்தேன். மரத்தின் ரேகையை மறைக்காத அந்த நிறத்தின்மீது எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால், அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை (விரைவில் காயும் பளபளப்புப் பூச்சு) ஸ்பிரே செய்த சில நிமிடங்களில் வெள்ளை மூட்டம் எழுகிறது. தேன் நிறப் பகுதியில் அவ்வளவாகத் தெரியவில்லை. பழுப்பு விளிம்பு, குறிப்பாக இடுப்பு வளைவு, சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

லாக்கரை நீர்க்கச் செய்யும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதே காரணம் என்பதை அறிவேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இதே நிலைதான். அறையில் ஹீட்டர் வைத்தும், ஒவ்வொரு பூச்சையும் மெலிதாக்கியும், வெயில் எட்டிப்பார்த்த நண்பகலில் அடித்தும் பார்த்துவிட்டேன். மூட்டத்தின்மேல் வெறும் தின்னரைத் தூவினால் தெளிகிறது. அடுத்த பூச்சில் மீண்டும் வெளுக்கிறது. பாலியூரித்தேன் பூச்சுக்கு மாற எனக்கு விருப்பமில்லை, அந்த மெல்லிய பளபளப்பு அதில் வராது.

மலைப்பகுதியில் லாக்கர் அடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இந்த ஈரத்தில் ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) எந்த அளவில் கலந்தால், மூட்டம் எழாமலும் விளிம்பில் வழியாமலும் இருக்கும்?